எண்ணெயும் காற்றும் தாங்கும் வீடு

நெடுஞ்சாலையில் பஞ்சரான லாரி ஓரங்கட்டி நிற்பதை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். கிளீனர் குட்டையான ஜாக்கி ஒன்றை அச்சுக்கு அடியில் தள்ளி, அதன் கைப்பிடியை ஏற்றி இறக்குவார். ஒல்லியான அந்த மனிதரின் கைவலிமைக்கே, நெல் மூட்டைகளோடு நிற்கும் லாரியின் ஒரு பக்கம் அங்குலம் அங்குலமாக எழும். எழுந்தவுடன் அவர் சக்கரத்தைக் கழற்றத் தொடங்கமாட்டார். தடித்த மரக்கட்டை ஒன்றை எடுத்து வந்து அச்சுக்கு அடியில் முட்டுக் கொடுப்பார். ஜாக்கிதான் தாங்கிக்கொண்டிருக்கிறதே, பிறகு அந்தக் கட்டை எதற்கு?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இதற்கு வருவோம். அதற்கு முன், இதே ஜாக்கி பெரிய உருவில் பயன்படும் ஓர் இடத்தைப் பார்ப்போம்.

ஒரு மாணவரின் கேள்வி

அமெரிக்காவில் மோட்டார் ஹோம் என்னும் வண்டி பெருவழக்காக உள்ளது. அது சக்கரம் பூட்டிய வீடு. படுக்கை, சமையலறை, குளிர்பெட்டி, கழிவறை அனைத்தும் ஒரு பேருந்தின் உடலுக்குள் இருக்கும். பெரிய வண்டி 10 முதல் 20 டன் எடைகூட இருக்கும். விடுமுறையில் குடும்பத்தோடு கிளம்பி, பிடித்த இடத்தில் நிறுத்தி, அங்கேயே சமைத்து உண்டு உறங்குவார்கள்.

நிறுத்தும் இடம் எப்போதும் மட்டமாக இருக்காதல்லவா? அதற்காக இவ்வண்டிகளின் அடியில் நான்கு நீரியல் ஜாக்கிகள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் அவை நீண்டு தரையில் ஊன்றி, வண்டியை மட்டப்படுத்தும். ஓடும்போது குலுங்காமல் இருக்க, பெரிய வண்டிகளில் வில் பட்டைக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் இருக்கும். ஆகவே, நிற்கும்போது எண்ணெய் தாங்கும். ஓடும்போது காற்று தாங்கும்.

என்னிடம் இயற்பியல் பயின்று இப்போது அமெரிக்காவில் பணிபுரியும் மாணவர் ஒருவர் இப்படிப்பட்ட பழைய வண்டி ஒன்றை வாங்கினார். அரிசோனா மாநிலத்தின் பாலைநிலத்தில் ஒரு மாலை வண்டியை நிறுத்தி, ஜாக்கிகளை இறக்கி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தார். காலையில் எழுந்து மேசைமேல் பென்சிலை வைத்தால், அது தானே உருண்டு கீழே விழுந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எனக்குத் தொலைபேசியில் பேசினார். “எண்ணெய் எங்கோ ஒழுகுகிறது ஐயா. டார்ச் விளக்கோடு அடியில் படுத்துப் பார்க்கப்போகிறேன்” என்றார்.

“முதலில் அடியில் போகாதே” என்றேன். அந்த விடையின் காரணமும், சாய்வின் காரணத்தை வெளியே நின்றபடியே கண்டுபிடிக்கும் முறையும் பள்ளிப் பாடநூலில் உள்ள இயற்பியலுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

ஏன் மட்டமாக இருக்க வேண்டும்?

சாய்ந்த படுக்கையில் தூக்கம் வராது என்பது மட்டும் காரணமன்று. இத்தகைய வண்டிகள் பலவற்றில் உள்ள குளிர்பெட்டி, நம் வீட்டில் உள்ளதைப் போன்றதன்று. 1922-இல் சுவீடன் நாட்டில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் மண்டர்ஸ் என்னும் இரு இளைஞர்கள் மாணவப் பருவத்திலேயே கண்டுபிடித்த உட்கவர் வகைக் குளிர்பெட்டி அது. அதில் மோட்டாரோ பம்போ இல்லை. அம்மோனியா கலந்த நீரை ஒரு சிறு எரிவாயுச் சுடர் சூடாக்குகிறது. எழும் குமிழிகள் திரவத்தை மேலே தூக்கிச் செல்கின்றன. பிரிந்த அம்மோனியா குளிர்ந்து திரவமாகி, பிறகு ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. இறுதியில் மீண்டும் நீரில் கரைந்து, சரிவான குழாய்களின் வழியே புறப்பட்ட இடத்துக்கே வழிந்து வருகிறது.

வழிந்து வருவதற்குப் புவியீர்ப்பு ஒன்றே துணை. வண்டி சாய்ந்தால், கீழ்நோக்கி இருக்க வேண்டிய சரிவு மட்டமாகிவிடும். திரவம் வழியில் தேங்கும். கொதிகலம் வறண்டு சூடேறும். துருப்பிடிக்காமலிருக்கக் கலந்த உப்பு படிந்து குழாயை அடைத்துவிட்டால் குளிர்பெட்டி மீளாது. பக்கவாட்டில் சுமார் 3 பாகைக்கு மேல் சாயக்கூடாது என்பது இவற்றுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. 2 மீட்டர் அகலத்தில் 3 பாகை என்றால் 10 செ.மீ. உயர வேறுபாடு. இப்போது அமுக்கி வகைக் குளிர்பெட்டிகள் பெருகிவருகின்றன. அவற்றுக்கு இச்சிறு சாய்வு பொருட்டல்ல. எனினும் பழைய வகை இன்னும் பல வண்டிகளில் ஓடுகிறது.

எண்ணெயின் வலிமை

பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் எழுதிய திரவச் சமநிலை நூல், அவர் மறைந்த மறு ஆண்டில், 1663-இல் வெளிவந்தது. மூடிய கலத்திலுள்ள திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம், குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பது அவர் கண்ட உண்மை. இதை வைத்து 1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா நீரியல் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ஜாக்கி அதன் வழித்தோன்றல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜாக்கியின் பிஸ்டன் 5 செ.மீ. விட்டம் உடையது என்று கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 20 சதுர செ.மீ. மின்மோட்டாரால் இயங்கும் சிறு பம்பு, சதுர செ.மீட்டருக்கு 200 கி.கி. அழுத்தத்தில் எண்ணெயைத் தள்ளுகிறது. இரண்டையும் பெருக்கினால் 4,000 கி.கி. கைக்குள் அடங்கும் பிஸ்டன் ஒன்று 4 டன் தூக்குகிறது!

வேண்டிய உயரம் வந்ததும் பம்பு நின்றுவிடும். ஒவ்வொரு ஜாக்கிக்கும் உரிய வால்வு மூடிக்கொள்ளும். எண்ணெய் உருளைக்குள் சிறைப்படும். சதுர செ.மீட்டருக்கு 200 கி.கி. அழுத்தம் கொடுத்தாலும் எண்ணெயின் பருமன் நூற்றில் ஒரு பங்கு அளவே குறையும். ஆகவே சிறைப்பட்ட எண்ணெய் கல்லைப்போல் நிற்கிறது. ஆனால் கல்லுக்கும் அதற்கும் இரண்டு வேறுபாடுகள் உள்ளன. எண்ணெய் வெப்பத்தால் கல்லைவிட மிகுதியாக விரிந்து சுருங்கும். வழி கிடைத்தால் ஓடிவிடும்.

குற்றவாளிகள் மூவர்

மாலையில் மட்டமாக நின்ற வண்டி காலையில் சாய்ந்திருந்தால், சந்தேகத்துக்குரியவர்கள் மூவர்: குளிர், கசிவு, தரை. ஒவ்வொருவரையும் விசாரிப்போம்.

முதலில் குளிர். பாலைநிலத்தில் பகலில் வெயில் கொளுத்தும். இரவில் நடுங்க வைக்கும். ஓடி வந்து நின்ற வண்டியில் எண்ணெயின் வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸ் என்றும், விடியற்காலையில் 15 டிகிரி என்றும் கொள்வோம். கனிம எண்ணெய் ஒரு டிகிரி குளிர்ந்தால் அதன் பருமனில் பத்தாயிரத்தில் ஏழு பங்கு சுருங்கும். 30 டிகிரிக்கு நூற்றில் 2 பங்குக்குச் சற்றே மேல். 25 செ.மீ. நீண்டுள்ள ஜாக்கியில் இது 5 மி.மீ. இறக்கமாகத் தெரியும். 10 செ.மீ. மட்டுமே நீண்டுள்ள ஜாக்கி 2 மி.மீ. இறங்கும். குழாய்களில் உள்ள எண்ணெயும் சுருங்குவதால் இன்னும் சிறிது கூடலாம். பள்ளத்தின் பக்கமுள்ள ஜாக்கிதான் அதிகம் நீண்டிருக்கும். ஆகவே அப்பக்கமே அதிகம் இறங்கும். ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகாமலேயே வண்டி இம்மியளவு சாய்கிறது!

அடுத்தது தரை. 4 டன் சுமையை 25 செ.மீ. விட்டமுள்ள பாதத்தின்மேல் ஊன்றினால், தரையின்மீது அழுத்தம் சதுர செ.மீட்டருக்கு 8 கி.கி. ஈரமண் இதைத் தாங்காது. வெயிலில் இளகிய தார்த்தரையும் குழியும். அடியில் 60 செ.மீ. சதுரமுள்ள தடித்த பலகை வைத்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 கி.கி.யாகக் குறைந்துவிடும். சேற்றில் நடக்கப் பலகை போடுவது எந்தத் தத்துவமோ, அதே தத்துவம்தான்.

மூன்றாவது கசிவு. சீல் தேய்ந்தோ, இணைப்பு தளர்ந்தோ எண்ணெய் வெளியே சொட்டுவது ஒருவகை. மற்றொரு வகை உண்டு. அதைச் சற்று நேரத்தில் காண்போம்.

இம்மூவரில் யார் என்று கண்டுபிடிக்க ஒரு குச்சி போதும். மாணவரிடம் சொன்னது இதுதான். வண்டியின் உயரத்தை அளக்க வேண்டாம். ஜாக்கியின் தண்டு உருளைக்கு வெளியே எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை அளக்கவேண்டும். வண்டிக்கு வெளியே நின்றபடியே, நீண்ட குச்சியை ஜாக்கியின் ஓரமாக நிறுத்திக் குறி வைத்துக்கொள்ளலாம். மாலை ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை அளக்க வேண்டும்.

தண்டின் நீளம் மாறாமல் வண்டி மட்டும் சாய்ந்திருந்தால், தரை அமிழ்ந்திருக்கிறது. தண்டு காலையில் சில மி.மீ. குறைந்து, நண்பகல் வெயிலில் பழைய அளவுக்கு வந்துவிட்டால், அது குளிரின் வேலை. குறைந்தது திரும்பாமல் மேலும் குறைந்துகொண்டே போனால், அதுதான் கசிவு. வெப்பத்தால் போனது வெப்பத்தால் திரும்பும். கசிந்து போனது திரும்பாது.

மறுநாள் அளவுகள் வந்தன. முன் ஜாக்கிகள் இரண்டும் 3, 4 மி.மீ. இறங்கி நண்பகலில் மீண்டன. பின்னால் இடப்புறம் உள்ளது 5 மி.மீ. இறங்கி மீண்டது. பின்னால் வலப்புறம் உள்ளது விடியலில் 48 மி.மீ. குறைந்திருந்தது, நண்பகலில் 61 மி.மீ. ஆக, மூன்று ஜாக்கிகள் குற்றமற்றவை. நான்காவதுதான் நோயாளி.

எண்ணெய் எங்கே போயிற்று?

“ஆனால் தரையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லையே” என்று மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. தரையில் ஈரம் இல்லாவிட்டால், எண்ணெய் வண்டிக்குள்ளேயே எங்கோ போயிருக்க வேண்டும். உருளையிலிருந்து புறப்பட்ட எண்ணெய்க்கு உள்ளே ஒரே புகலிடம், அது முதலில் வந்த தொட்டிதான்.

ஜாக்கியைச் சுருக்க வேண்டும்போது வால்வு திறக்கும். எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். அந்த வால்வின் இருக்கையில் மணல் துகள் போன்ற சிறு தூசி ஒன்று சிக்கிக்கொண்டாலும் அது முழுமையாக மூடாது. மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், 200 கி.கி. அழுத்தத்தில் எண்ணெய் இரவெல்லாம் அதன் வழியே ஊர்ந்து போகும். வெளியே சுவடே இருக்காது. அவர் வண்டியிலும் அதுவே நடந்திருந்தது. பணிமனையில் வால்வைக் கழற்றித் துடைத்து, எண்ணெயை மாற்றி, வடிகட்டியைப் புதுப்பித்ததும் ஜாக்கி நிலைத்து நின்றது.

இதிலிருந்து ஒரு பாடம். தொட்டியின் எண்ணெய் அளவை எல்லா ஜாக்கிகளும் முழுமையாகச் சுருங்கிய நிலையில்தான் பார்க்க வேண்டும். நீண்ட நிலையில் தொட்டி குறைந்திருப்பது இயல்பு. அதைப் பார்த்து மேலும் ஊற்றினால், ஜாக்கிகள் சுருங்கும்போது அத்தனையும் திரும்பி வந்து வழியும். தயாரிப்பாளர் சொன்ன எண்ணெயையே ஊற்ற வேண்டும். கைக்குக் கிடைத்த பிரேக் எண்ணெயை ஊற்றினால், கனிம எண்ணெய்க்கென்று செய்த ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

பம்பு முனகுகிறதா?

சில வேளைகளில் பொத்தானை அழுத்தினால் பம்பு மெல்ல முனகும், ஜாக்கி எழாது. உடனே பம்பு பழுது என்று முடிவுகட்டி, பணத்தைச் செலவழிப்பவர்கள் பலர். உண்மையில் பல வேளைகளில் குற்றம் மின்கலத்தின் முனையில் இருக்கும்.

12 வோல்ட் மின்கலத்தில் ஓடும் இந்த மோட்டார், சுமையின்போது 150 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் இழுக்கும் என்று கொள்வோம். முனையில் படிந்த பூஞ்சை போன்ற உப்பும், வண்டிச் சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள துருவும் சேர்ந்து 0.02 ஓம் தடையை உண்டாக்கினால் என்ன ஆகும்? ஓம் விதிப்படி 150-ஐ 0.02-ஆல் பெருக்க, 3 வோல்ட் அங்கேயே இழக்கப்படும். மோட்டாருக்குக் கிடைப்பது 9 வோல்ட் மட்டுமே. அந்தச் சிறு இணைப்பில் 450 வாட் வெப்பமும் பிறக்கும்; தொட்டால் சுடும்.

மோட்டார் ஓடாத நேரத்தில் வோல்ட் மானியை வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் காட்டும். அதை நம்பக்கூடாது. மின்னோட்டம் இல்லாதபோது தடையில் இழப்பும் இல்லை. மோட்டார் சுமையோடு ஓடும்போது மோட்டாரின் முனைகளில் அளந்தால்தான் உண்மை வெளிவரும். வீட்டில் மின்விளக்கு மங்கலாக எரிவதை இரவில் எல்லாரும் அடுப்பேற்றும் நேரத்தில்தானே காண்கிறோம்!

பம்பு நன்றாக ஓடியும் ஜாக்கி விட்டு விட்டுத் துள்ளி எழுந்தால், எண்ணெயில் காற்று கலந்துள்ளது. அமுங்காத எண்ணெயின் நடுவே அமுங்கும் காற்றுக் குமிழி நுழைந்தால், இரும்புத் தடியின் நடுவே பஞ்சை வைத்ததுபோல் ஆகும். தொட்டியில் எண்ணெய் குறைந்ததே பெரும்பாலும் இதற்குக் காரணம். எண்ணெயை நிரப்பி, ஜாக்கிகளைச் சிலமுறை முழுதும் நீட்டிச் சுருக்கி, இடையிடையே பொறுத்திருந்தால், பல வண்டிகளில் குமிழிகள் தொட்டிக்கு வந்து வெளியேறிவிடும்.

ஜாக்கி எழுந்தபின் சுருங்க மறுத்தால், வால்வு திறக்கவில்லை, அல்லது தண்டை மேலிழுக்கும் சுருள்வில் தளர்ந்துவிட்டது, அல்லது தண்டு வளைந்தோ சேறு படிந்தோ இருக்கிறது என்று பொருள். கல்லில் மோதித் தண்டு வளைவது, ஜாக்கி சுருங்கும் முன் வண்டியை நகர்த்துபவர்களுக்கு வழக்கமாக நேர்வது.

மூன்று கல் அடுப்பு

நம் பாட்டிமார் அடுப்புக்கு மூன்று கல் வைத்தார்கள். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். ஆகவே தரை எப்படியிருந்தாலும் பானை ஆடாது. நான்கு கால் நாற்காலிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒரு கால் குட்டையானால் ஆடும்.

மோட்டார் ஹோமுக்கு நான்கு ஜாக்கிகள். ஒரு மூலையை மட்டும் உயர்த்தினால் நீண்ட சட்டம் ஈரத்துணியைப்போல் முறுக்கப்படும். கதவு பிடிக்கும், முன்கண்ணாடி விரிசல் விடும், அல்லது தன் ரப்பர் பள்ளத்திலிருந்து பிதுங்கும். இதனால்தான் ஜாக்கிகளை இரண்டிரண்டாக இயக்கும்படி கையேடுகள் சொல்கின்றன. வண்டியை நிறுத்தியபின் கதவு இறுகினால், கதவைச் சீவ வேண்டாம். ஜாக்கிகளைச் சுருக்கி மறுபடி இரண்டிரண்டாக ஏற்றிப் பாருங்கள்.

மற்றொன்று. பின் சக்கரங்களைத் தரையிலிருந்து முழுவதும் தூக்கிவிடக் கூடாது. நிறுத்தத் தடை பின் சக்கரங்களில்தான் வேலை செய்கிறது. அவை அந்தரத்தில் தொங்கினால், வண்டியைப் பிடித்து நிறுத்துபவர் யாருமில்லை.

காற்று தாங்கும்போது

இனிக் காற்றுப் பைக்கு வருவோம். அமெரிக்காவின் புகழ்பெற்ற சீனிக்குரூசர் பேருந்து 1954-இல் காற்றுப் பைகளின்மேல்தான் ஓடத் தொடங்கியது. 1973 முதல் 1978 வரையிலான மாதிரிகளில் வந்த ஜி.எம்.சி. மோட்டார் ஹோமின் பின் சக்கரங்களையும் காற்றுப் பைகளே தாங்கின. நம் நாட்டுச் சொகுசுப் பேருந்துகளிலும் இவை உண்டு. சென்னையில் 2024-இல் வந்த தாழ்தளப் பேருந்துகள் நிறுத்தத்தில் ஒரு பக்கம் தாழ்ந்து முதியவர்களை ஏற்றிக்கொள்வதும் பையிலுள்ள காற்றைச் சிறிது வெளியேற்றித்தான்.

காற்றின் அழுத்தம் எண்ணெயினதைவிட மிகக் குறைவு; பையில் சதுர செ.மீட்டருக்கு 6 கி.கி. அளவே இருக்கும். ஆகவே பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். 25 செ.மீ. விட்டமுள்ள பையின் பரப்பு 490 சதுர செ.மீ.; அது ஏறக்குறைய 3 டன் தாங்கும். எண்ணெய் 5 செ.மீ. பிஸ்டனில் செய்ததைக் காற்று 25 செ.மீ. பையில் செய்கிறது. ஆனால் காற்று அமுங்கும். அதுவே அதன் சிறப்பு. குழியில் சக்கரம் ஏறி இறங்கும்போது பை அமுங்கி விரிந்து அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது.

வண்டியின் உயரத்தைக் கவனிக்க உயரக் கட்டுப்பாட்டு வால்வுகள் உள்ளன. ஒரு சிறு கோல் அச்சோடு இணைந்திருக்கும். உடல் தாழ்ந்தால் கோல் உயர்ந்து காற்றை உள்ளே விடும். உயர்ந்தால் வெளியே விடும். பெரும்பாலும் இவை மூன்றுதான். நான்கு பக்கத்துக்கு மூன்று ஏன் என்பது, அடுப்புக் கற்களை நினைத்தால் விளங்கும்.

நின்ற வண்டி இரவில் தாழ்ந்தால் கசிவா, குளிரா? இங்கே மாணவர்கள் ஒரு தவறு செய்வார்கள். குளிர்ந்தால் அழுத்தம் குறையும் என்பார்கள். பைமேல் உள்ள சுமை மாறவில்லை. ஆகவே அழுத்தமும் மாற முடியாது. மாறுவது பருமன். சார்லஸ் விதிப்படி பருமன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 45 டிகிரி என்பது 318 கெல்வின். 15 டிகிரி என்பது 288 கெல்வின். 30-ஐ 318-ஆல் வகுக்க, நூற்றில் 9 பங்குக்கு மேல் சுருக்கம். 25 செ.மீ. உயரமுள்ள பை கசிவே இல்லாமல் 2 செ.மீட்டருக்கு மேல் தாழும். ஆகவே 2 செ.மீ. தாழ்வைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரே இரவில் வண்டி ரப்பர்த் தடுப்பின்மேல் உட்கார்ந்துவிட்டால் அது கசிவு.

கசிவைக் காண்பதற்குப் பஞ்சர் கடைக்காரரின் முறையே சிறந்தது. அவர் டியூபைத் தொட்டி நீரில் அமுக்குவார். நாம் சோப்பு நீரை இணைப்புகளில் பூசிக் குமிழி எழுகிறதா என்று பார்க்கலாம். ஒரு மூலை மட்டும் தாழ்ந்தால், தனி வால்வு உள்ள அந்தப் பையையும் அதன் குழாயையும் பாருங்கள். ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்ந்து தாழ்ந்தால், இரண்டுக்கும் பொதுவான வால்வைப் பாருங்கள். தாழ்ந்த வண்டி எஞ்சின் ஓடியும் எழவில்லை என்றால், கோல் ஒடிந்திருக்கலாம்; கம்ப்ரசரும் பழுதாக இருக்கலாம்.

அமுக்கிய காற்றில் ஈரம் நீராகப் படியும். அதைத் தொட்டியிலிருந்து அவ்வப்போது வடிக்காவிட்டால் வால்வுகள் துருப்பிடிக்கும். குளிர்நாடுகளில் நீர் உறைந்து வழியை அடைக்கும். இதே காற்றுதான் பிரேக்குக்கும் போகிறது. பை கிழிந்தாலும் பிரேக்குக்குரிய காற்று போய்விடாதபடி இடையில் ஒரு காப்பு வால்வு வைத்திருப்பார்கள். ஆகவே, காற்றுக் கசிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

கட்டை எதற்கு?

இப்போது லாரி கிளீனரின் மரக்கட்டைக்குத் திரும்புவோம்.

திண்மத்துக்கும் பாய்மத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைப் பள்ளியில் படித்திருக்கிறீர்கள். திண்மம் தன் உருவத்தைத் தானே காத்துக்கொள்ளும். பாய்மத்துக்கு உருவமில்லை, கலமே அதன் உருவம். ஜாக்கியில் 4 டன்னைத் தாங்குவது எண்ணெய் என்று சொன்னோம். உண்மையில் அந்த எண்ணெயைச் சிறைவைத்திருக்கும் ஒரு ரப்பர் வளையமும், ஒரு வால்வின் இருக்கையும், ஒரு குழாயுமே தாங்குகின்றன. ஒரு துகள் தூசி சிக்கினால் 61 மி.மீ. இறங்கியதைப் பார்த்தோம். அது ஒரு பகல், ஓர் இரவின் வேலை. குழாயே வெடித்தால், அல்லது மேலே யாரோ தெரியாமல் பொத்தானை அழுத்தினால், அதே இறக்கம் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். காற்றுப் பை கிழிந்தாலும் அவ்வாறே. வண்டி ரப்பர்த் தடுப்பு வரை சட்டென்று விழும். அடியில் படுத்திருப்பவரின் மார்புக்கும் சட்டத்துக்கும் இடையே இருப்பது ஒரு சாண்கூட இல்லை.

மரக்கட்டைக்கு சீல் இல்லை, வால்வு இல்லை, பொத்தான் இல்லை. கட்டை ஒழுகாது. பாய்மம் தூக்குவதற்கு, திண்மம் தாங்குவதற்கு. படிப்பறிவு அதிகம் இல்லாத கிளீனர் அனுபவத்தால் அறிந்தது இதுதான்.

ஆகவே எந்த வண்டியின் அடியிலும் போகுமுன், சக்கரங்களுக்கு முட்டுக்கல் வையுங்கள். சட்டத்தின் உறுதியான இடத்தில், அந்த எடைக்கென்று செய்த எஃகுத் தாங்கிகளை நிறுத்துங்கள். அல்லது அகன்ற, கெட்டியான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். செங்கல்லையும் உள்ளே துளையுள்ள கான்கிரீட் கல்லையும் நம்பாதீர்கள்; அவை வளைந்து எச்சரிக்காமல் ஒரே நொடியில் நொறுங்கும். பிறகு சுமையை அந்தத் தாங்கிகளின்மேல் மெல்ல இறக்கிவிட்டு, அதன்பின் உள்ளே செல்லுங்கள்.

என் மாணவர் அன்று அடியில் போகவில்லை. வெளியே நின்று குச்சியில் மூன்று குறிகள் இட்டார். வலப்புறப் பின் ஜாக்கியின் குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போயின. அந்தக் குச்சியை இன்னும் வைத்திருப்பதாகச் சொல்கிறார். இனி நெடுஞ்சாலையில் லாரிக்கு முட்டுக் கொடுக்கும் கிளீனரைக் காணும்போது, அந்தக் கட்டையைச் சற்று மரியாதையோடு பாருங்கள்.